மணியாச்சி பிரவுனிங்: சட்டைப்பைக்குள் அடங்கிய துப்பாக்கியின் கதை

வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது எதனால்? இந்தக் கேள்விக்கு ரெண்டு விதமா பதில் சொல்லலாம். ஒண்ணு, சுதேசிக் கப்பல், வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது, திருநெல்வேலிக் கலவரம்ன்னு நீளும் அரசியல் பதில். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. இன்னொண்ணு, கையில் இருந்த ஆயுதம் பற்றிய பதில். அங்கேதான் பெரும்பாலும் "ரிவால்வரால் சுட்டார்"னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுவாங்க. அது ரிவால்வர் இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். இந்த வித்தியாசம் வெறும் பெயர்க் குழப்பம் இல்லைங்கறதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

எங்க தருமபுரி மாவட்டத்துக்கும் இதில் ஒரு நூல் இருக்கு. பென்னாகரம் பக்கம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவு மணிமண்டபம் இருக்கு. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யோடு கைதானவர். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடிச்சு, போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தாங்க. அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டரா இருந்தவர்தான் ராபர்ட் வில்லியம் ஆஷ். சிவா சிறையில் தொழுநோய் பிடிச்சு, 1912இல் வெளியே வந்து, கடைசியில் பாப்பாரப்பட்டிக்கு வந்து 1925 ஜூலை 23 அன்று இறந்தார். அவர் கைதானது மணியாச்சியின் முன்கதை. ஆஷ் நல்லவரா கெட்டவரா, வாஞ்சியின் கடிதத்தில் இருந்த சாதிப் பார்வை என்ன என்ற விவாதங்கள் தனியா நடக்கட்டும். நாம் இங்கே இயந்திரத்தைப் பார்ப்போம்.

மணியாச்சி, 17 ஜூன் 1911

நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். ஆஷ் அப்போது திருநெல்வேலி கலெக்டர். மனைவியோடு ரயிலில் கொடைக்கானலுக்குக் கிளம்பினார். மணியாச்சி சந்திப்பில் காலை பத்தரை மணிக்கு மேல், போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தாங்க. குடுமி வைத்த ஒரு இளைஞர் பெட்டியில் ஏறி, பிஸ்டலை எடுத்து, நெருக்கத்தில் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, கழிப்பறைக்குள் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர், வயசு சுமார் 25.

ஆயுதத்தை எங்கே ஒளிச்சிருந்தார்ங்கற கேள்விக்கு இடமே இல்லாத அளவுக்கு அது சின்னது. முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறும் வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வரலை. அந்தக் காலத்து ராணுவ வெப்லி ரிவால்வரா இருந்திருந்தால்? ஏறத்தாழ ஒரு கிலோ எடை, ஒரு சாண் தாண்டிய நீளம், நடுவில் புடைத்த உருளை. வேட்டி மடிப்பிலோ கோட்டுப் பையிலோ அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்?

ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழல் உருளைக்குள் வட்டமா உட்கார்ந்திருக்கும். 6 தோட்டான்னா 6 அறை. ஒவ்வொரு அறையும் வெடிப்பைத் தாங்கற அளவுக்குத் தடிமனா இருக்கணும். அதனால் உருளை எப்போதும் பருமன்தான். விசையை இழுக்கும் விரல்தான் (அல்லது சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் கட்டைவிரல்தான்) உருளையைச் சுற்றவைக்குது. வேலை முழுக்க மனுஷன் கையில்.

செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் இருக்கும் தட்டையான மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றா அடுக்கியிருக்கும். வெடிப்பைத் தாங்க வேண்டியது குழலில் இருக்கும் ஒரே ஒரு அறை மட்டும். சுட்டதும், வெடிப்பின் எதிர்விசையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிடும். அடுத்த குண்டுக்கு மறுபடி விசையை இழுக்கணும், அதனால்தான் 'செமி'. அக்காலத்தில் இதையே வெறுமனே 'ஆட்டோமேட்டிக்'ன்னு சொன்னாங்க. பெயர்க் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, உருளை போனது. துப்பாக்கி தட்டையாச்சு. சட்டைப்பைக்குள் போச்சு.

இது 1880களுக்கு முன்னாடி சாத்தியமே இல்லை. பழைய கருமருந்து வெடிச்சால் ஏகப்பட்ட கரியும் புகையும் விடும். நாலு குண்டு சுட்டாலே நுணுக்கமான பாகங்கள் எல்லாம் கரி அப்பிச் சிக்கிக்கும். 1884இல் பிரான்ஸின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடிச்சார். அதுக்குப் பிறகுதான் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி நம்பகமாச்சு. 1893இல் போர்ஷார்ட், 1896இல் மௌசர் சி96. ரெண்டும் ஜெர்மனி, ரெண்டும் பெருசு. பைக்குள் போடற சாமான் இல்லை.

பிரவுனிங் செய்த எளிமை

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஆக்டன் ஊரில் 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங் துப்பாக்கிப் பட்டறைக்காரர் மகன். அவருடைய சின்ன பிஸ்டலைத் தயாரிக்க முன்வந்தது பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டால் ஊரின் எஃப்என் தொழிற்சாலை. அப்படி வந்ததுதான் மாடல் 1900. நீளம் 16 செ.மீ. சொச்சம், எடை 625 கிராம் அளவு, மேகசினில் 7 தோட்டா. தோட்டாவின் விட்டம் 7.65 மி.மீ. இதையே இன்ச் கணக்கில் .32 ஏசிபின்னு சொல்றோம். ஏழு லட்சத்துக்கும் மேல் வித்தது.

இதில் ரெண்டு புதுமை. ஒண்ணு, குழலை மூடியபடி முன்னும் பின்னும் சறுக்கும் மேல்பாகம், அதாவது ஸ்லைடு. இன்றைக்கு எந்தப் படத்தில் பார்த்தாலும் ஹீரோ 'சர்ரக்'னு பின்னுக்கு இழுத்து விடறாரே, அதுதான். அந்த அமைப்பு விற்பனைக்கு வந்த பிஸ்டல்களில் முதலில் இடம்பெற்றது இங்கேதான். ரெண்டாவது, 'புளோபேக்' எனும் முறை. குழலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் எந்தப் பூட்டும் இதில் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் பின்பக்கத்தை அடைச்சு வைக்குது.

பூட்டு இல்லாமல் எப்படிப் பாதுகாப்பா இருக்கும்? பள்ளிக்கூடக் கணக்கிலேயே பார்த்துடலாம். குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் வினாடிக்கு 290 மீட்டர்ன்னு வையுங்க. ஸ்லைடு கால் கிலோன்னு வையுங்க. முன்னால் போகும் குண்டின் உந்தமும் பின்னால் போகும் ஸ்லைடின் உந்தமும் சமமா இருக்கணும். அப்போ ஸ்லைடின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் சொச்சம்தான். இன்னும் முக்கியமானது தூரம். குண்டு 10 செ.மீ. குழலைக் கடந்து வெளியே போகும் நேரத்தில், ஸ்லைடு பின்னால் நகர்ந்திருப்பது 2 மி.மீ.க்கும் குறைவு. அந்த ரெண்டு மில்லிமீட்டரில் பித்தளைத் தோட்டா இன்னும் அறைக்குள்ளேதான் இருக்கும். அழுத்தம் முழுக்க வெளியேறின பிறகுதான் கதவு திறக்குது. பூட்டுக்குப் பதில் எடை. அவ்வளவுதான் ரகசியம்.

இதே கணக்குதான் இந்த முறையின் எல்லையையும் சொல்லுது. 9 மி.மீ. பாரபெல்லம் மாதிரி பலமான தோட்டாவில் குண்டு 8 கிராம், வேகம் 350க்கு மேல். உந்தம் ரெண்டு மடங்குக்கும் அதிகம். ஸ்லைடும் ரெண்டு மடங்கு கனமாகணும், ஸ்பிரிங்கும் முரட்டுத்தனமாகணும். அப்புறம் அது சட்டைப்பைத் துப்பாக்கி இல்லை. எனவே சின்ன பிஸ்டலும் சின்னத் தோட்டாவும் சேர்ந்தே பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

எஃப்என் அடுத்தடுத்து அதைச் சுருக்கிக்கொண்டே போச்சு. 1906வாக்கில் வந்த 'வெஸ்ட் பாக்கெட்' மாடல் 11.4 செ.மீ. நீளம், 6.35 மி.மீ. தோட்டா. உள்ளங்கைக்குள் மறையும். மாடல் 1910இல் ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே போட்டுட்டாங்க. மேலே தனியா ஸ்பிரிங் இருந்த பகுதி போய், துப்பாக்கி ஒரு சோப்புக் கட்டி மாதிரி வழவழப்பாச்சு. பைக்குள் இருந்து எடுக்கும்போது துணியில் மாட்டற நீட்சி எதுவும் இல்லை. இன்றுவரை பல சின்ன பிஸ்டல்கள் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுது.

ஒரு சின்ன இயந்திரம், பெரிய பட்டியல்

1904 ஜூன், ஹெல்சின்கி: ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவை ஷௌமான் சுட்டார். மாடல் 1900. 1909 அக்டோபர், ஹார்பின்: ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியை கொரியர் அன் ஜுங்-குன் சுட்டார். அதுவும் மாடல் 1900. 1909 டிசம்பர் 21, நாசிக்: கலெக்டர் ஜாக்சனை நாடகக் கொட்டகையில் அனந்த் கான்ஹேரே சுட்டார். பிரவுனிங். 1911, மணியாச்சி: பிரவுனிங். 1914 ஜூன் 28, சரயேவோ: ஆஸ்திரிய இளவரசரை பிரின்சிப் சுட்டார். மாடல் 1910. அது முதல் உலகப்போரில் போய் நின்னது.

பத்து வருஷத்துக்குள் ஐந்து நகரம், ஒரே தொழிற்சாலை. பிரவுனிங் பிஸ்டல்தான் புரட்சியை உண்டாக்குச்சுன்னு சொன்னா அது அபத்தம். கோபம் அதுக்கு முன்னாடியே இருந்தது. ஆனால் அதிகாரிக்கும் சாமானியனுக்கும் நடுவில் இருந்த தூரத்தை இந்த இயந்திரம் மாற்றிடுச்சு. அதுவரை துப்பாக்கி வச்சிருப்பவன் யாருன்னு பார்த்தாலே தெரியும். இப்போ தெரியாது. அதிகாரிகளின் பாதுகாப்பு முறைகளே மாற வேண்டி வந்ததுக்கு இது ஒரு காரணம்.

இந்தியாவுக்குள் எப்படி வந்துச்சு? 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. ஐரோப்பியருக்கு விலக்கு. அதனால் கடத்தல். 1909 தொடக்கத்தில் லண்டன் இந்தியா ஹவுஸைச் சேர்ந்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் பொய் அடித்தட்டுக்குள் 20 பிரவுனிங் பிஸ்டல்களை வச்சு பம்பாய் கொண்டுவந்தார். அனுப்பினவர் சாவர்க்கர். பெரிய துப்பாக்கிகளா இருந்தால் ஒரு பயணப்பெட்டியின் அடியில் இருபதை மறைக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க. அதே இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் பகுதி, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாத மண். வாஞ்சி அங்கே போய் ஐயரிடம் சுடும் பயிற்சி எடுத்தார் என்பது ரௌலட் தலைமையிலான 1918 குழு அறிக்கையின் கூற்று.

நாட்டுத்துப்பாக்கி ஏன் இந்த வேலைக்கு ஆகாது?

இங்கே நம்ம பக்கத்து உதாரணம் உதவும். பென்னாகரம், அரூர், சித்தேரி மலைப்பக்கம் நாட்டுத்துப்பாக்கி புதுசு இல்லை. காட்டுப்பன்னி விரட்டவும் வேட்டைக்கும் வச்சிருந்தாங்க. உரிமம் இல்லாததை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும் வழக்கம். அது வாய்வழியா மருந்தும் குண்டும் இடிச்சு நிரப்பற பழைய வகை. ஆளுயரத்துக்கு நெருங்கற நீளம், ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப நேரமாகும். ஊர்ப் பட்டறையிலேயே அதைச் செய்துவிடுவாங்க.

சட்டைப்பை பிஸ்டலை அப்படிச் செய்ய முடியாது. மேலே பார்த்த கணக்கை ஞாபகம் வையுங்க: எல்லாமே எடை, ஸ்பிரிங், இடைவெளி இவற்றின் நுட்பமான சமநிலை. தோட்டாவும் ஒரே அளவில், ஒரே பலத்தில் லட்சக்கணக்கில் அச்சடிச்சது மாதிரி வரணும். பலம் கொஞ்சம் குறைஞ்சால் ஸ்லைடு முழுசா பின்னால் போகாது, அடுத்த தோட்டா ஏறாது. கூடினால் ஸ்லைடு சட்டத்தில் மோதி உடையும். ஆக, இது கொல்லன் பட்டறைச் சாமான் இல்லை. பைக்குள் அடங்கிய ஒரு தொழிற்சாலை.

அதனால் ஒரு விளைவு உண்டு. தொழிற்சாலைப் பொருள்னா அதுக்கு எண் இருக்கும். எண் இருந்தால் பதிவேடு இருக்கும். நாசிக் வழக்கில் பிஸ்டல்கள் வந்த வழி சாவர்க்கர் வரைக்கும் போச்சு. 1910 மார்ச்சில் லண்டனில் கைதானார். பிரின்சிப்பின் துப்பாக்கியை எண் 19074 வழியா எஃப்என்னில் இருந்து பெல்கிரேடு வியாபாரி வரைக்கும் தேடிப் போக முடிஞ்சது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிச் சரக்கில் இருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் களவு போச்சு. அவை எண் போட்டவை. அதனாலேயே, அவை 54 சம்பவங்களில் பயன்பட்டதாகவும் 31 திரும்பப் பிடிபட்டதாகவும் ரௌலட் அறிக்கையால் கணக்குச் சொல்ல முடிஞ்சது. நாட்டுத்துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஆளை மறைச்ச ஆயுதமே பின்னாடி ஆளைக் காட்டிக்கொடுத்தது.

1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்டதும் இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான்: இத்தாலியின் பெரெட்டா மாடல் 1934, 9 மி.மீ. ஷார்ட் தோட்டா, புளோபேக், 7 தோட்டா மேகசின், எண் 606824. அது குவாலியரில் கைமாறினது விசாரணையில் வெளியே வந்துச்சு. வெள்ளைக்கார கலெக்டரை நெருங்க உதவின அதே சின்ன அளவு, பிரார்த்தனைக் கூட்டத்தில் கைகூப்பி வந்த கிழவரை நெருங்கவும் உதவிச்சு. இயந்திரத்துக்குக் கொள்கை கிடையாது. மணியாச்சியை வீரக்கதையா மட்டும் படிக்கிறவங்க இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்கணும்.

பிறகு என்ன ஆச்சு?

பிரவுனிங்கின் இன்னொரு பாதை பலமான தோட்டாவுக்கானது. சுடும் நொடியில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து கொஞ்சம் பின்னால் வரும். பிறகு குழலின் பின்முனை கீழே சாய்ஞ்சு பூட்டு கழலும். அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்ற கோல்ட் பிஸ்டல் இந்த முறை. மணியாச்சிக்கு மூணு மாசம் முன்னாடி. 1926இல் எஃப்என் தொழிற்சாலையிலேயே வேலையில் இருக்கும்போது பிரவுனிங் இறந்தார். அவர் தொடங்கி வச்சதை தியூதொனே சைவ் முடிச்சு, 1935இல் 13 தோட்டா கொள்ளும் ஹை-பவர் வந்தது. நம்ம ராணுவத்தின் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' அதன் வழிவந்தது. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தது.

சின்ன பிஸ்டலில் அடுத்த தாவல் ஜெர்மனியின் வால்தர் பிபி (1929), பிபிகே (1931). ரிவால்வர் மாதிரியே, சுத்தியல் இறங்கின நிலையில் இருந்தும் ஒரே நீண்ட இழுப்பில் சுடலாம். பைக்குள் தயார் நிலையில் வைக்க அது பாதுகாப்பு. பிறகு 1980களில் ஆஸ்திரியாவின் கிளாக், சட்டத்தையே பிளாஸ்டிக்கில் செய்தது. 1988இல் கிளாக் 19: பூட்டு முறை, 9 மி.மீ. பாரபெல்லம், 15 தோட்டா, எடை காலியா 600 கிராம் அளவு. அதாவது மாடல் 1900ஐ விட இலேசு, தோட்டா ரெண்டு மடங்கு, பலம் ரெண்டு மடங்கு. 2018இல் வந்த சிக் சாவர் பி365 நீளத்தில் 15 செ.மீ.கூட இல்லை, ஆனால் 10 தோட்டா. மேகசினின் கீழ்ப்பகுதியில் தோட்டாக்களை இரட்டை வரிசையா நெருக்கி, மேலே ஒற்றை வரிசையா குறுக்கினதில் அந்த இடம் கிடைச்சது.

சும்மா சுருக்கிக்கொண்டே போக முடியாதான்னு கேட்கலாம். விலை உண்டு. ஸ்லைடு இலேசானால் ஸ்பிரிங் விறைப்பாகணும், இழுக்கவே கஷ்டம். குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும். முன், பின் குறிமுனைகளின் இடைவெளி சுருங்கினால் குறி தவறும். பிடி சின்னதானால் கையில் துள்ளும். மணியாச்சியிலும் நாசிக்கிலும் தூரம் சில அடிகள்தான் என்பதைக் கவனிச்சீங்களா? சின்ன பிஸ்டல் எப்போதும் நெருக்கத்தின் ஆயுதம்.

இந்தியாவில் இன்றும் இந்தக் கதையின் மிச்சம் சட்டத்தில் இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. உரிமம் வாங்கறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32. அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் பிஸ்டல் உண்கிற தோட்டா, பிரவுனிங் மாடல் 1900க்காக உருவான அதே தோட்டாதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் ரெண்டு துப்பாக்கிதான் வைக்கலாம். உரிமம் இல்லாமல் செய்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும்.

மணியாச்சி நிலையத்துக்கு இப்போ 'வாஞ்சி மணியாச்சி'ன்னு பேர். சுட்டவர் பேர் பலகையில் இருக்கு, சுடப்பட்டவர் பேர் வரலாற்றில் இருக்கு. அடுத்த தடவை யாராவது "ரிவால்வரால்"ன்னு எழுதினால் திருத்துங்க. சுழல் உருளை கொண்ட ஒரு துப்பாக்கியா இருந்திருந்தால், அது அந்தப் பெட்டியின் படி வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போயிருக்குமாங்கறது சந்தேகம்தான்.